முதுமையுற்ற காவல் நாயும் நம் கடமையும்

கூட்டுறவுச் சங்கத்தின் தளவாடப் பதிவேட்டைப் புரட்டினால் தராசு, மேஜை, இரும்புப் பெட்டி, சுவர்க் கடிகாரம் ஆகிய யாவும் வரிசை எண்ணோடு இடம்பெற்றிருக்கக் காணலாம். தறிக்கும், நீரிறைக்கும் மோட்டாருக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் கணக்கிட்டு ஒதுக்குகிறோம். ஆனால் அதே சங்கத்தின் கிடங்கு வாயிலில் படுத்து, நூல் மூட்டையையும் உர மூட்டையையும் பத்தாண்டுக் காலம் காத்த நாய்க்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. அதுவும் தேய்கிறது. அதன் இடுப்பு மூட்டும் முழங்காலும் தேய்கின்றன. அந்தத் தேய்மானத்தைக் கணக்கில் எடுப்பார் இல்லை. இவ்விஷயம் சிறிதெனினும் அலட்சியம் செய்யத் தக்கதன்று என்பது என் அபிப்பிராயம்.

நம் பகுதியில் நாய் என்பது பொழுதுபோக்குக்காக மட்டும் வளர்க்கப்படும் பிராணி அன்று. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆகிய இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு விளைவிப்போரும், சின்னசேலம் பக்கத்தில் மரவள்ளி பயிரிடுவோரும், கல்வராயன் மலைமேல் சாமையும் தினையும் விதைப்போரும் காட்டுப்பன்றியால் படும் தொல்லை யாவரும் அறிந்ததே. இரவில் பரண்மீது கண்விழிக்கும் விவசாயிக்கு முன்னதாகவே மோப்பம் பிடித்துக் குரல் கொடுப்பது அவருடைய நாய்தான். நெசவாளர் வீட்டிலும் அவ்வாறே. பாதி நெய்த சேலை தறியில் கிடக்க, வீட்டார் அயர்ந்து உறங்கும் வேளையில், வாசற்படியில் ஒரு காது மட்டும் விழித்திருக்கிறது.

இந்த உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. நமக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாட்டப்பட்டது அது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எழுப்பப்பெற்ற அக்கல்லில், கோவிவன் என்னும் பெயருடைய நாயும் இடம்பெற்றிருக்கிறது. அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. ஒரு நாளின் வீரத்தை நம் முன்னோர் கல்லில் பொறித்தனர். பத்தாண்டுகள் காத்து, பின்னர் மெல்ல மெல்ல நொண்டியாகும் நாய்க்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே என் வினா.

பெரும்பாலும் நாம் செய்வது, "கிழடாகி விட்டது" என்று ஒரு சொல்லால் முடித்துவிடுவதாகும். எழுந்திருக்க நேரமாகிறது, கிழடு. படியேற மறுக்கிறது, கிழடு. தொட்டால் உறுமுகிறது, கிழடு. ஆனால் முதுமை வேறு, வலி வேறு. முதுமையை யாராலும் மாற்ற இயலாது. வலியைப் பெரும்பகுதி குறைக்கலாம். அதுவும் பெருஞ்செலவின்றிக் குறைக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையால்தான் பல நாய்கள் தம் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளை வீணான வேதனையில் கழிக்கின்றன.

மூட்டில் இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். ஆண்டுக்கணக்கான ஓட்டத்தாலும், பழைய அடிகளாலும், உடற்பருமனாலும், சில இனங்களில் பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமையாலும் அக்குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்த இடத்தில் வீக்கமும் வலியும் உண்டாகின்றன. வலிக்கும் காலை நாய் ஊன்றுவதில்லை. ஊன்றாத காலின் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின்மேல் பாரம் இன்னும் கூடுகிறது. இது ஒரு சுழல். இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்கவேண்டும்.

நாய் வாய்திறந்து தன் வலியைச் சொல்லாது. ஊளையிட்டால்தான் வலி என்று எண்ணுவது தவறு. காலையில் எழுந்தவுடன் விறைத்து நடந்து, சிறிது நேரம் சென்றபின் சரியாகுதல்; முயல்போல் இரு பின்கால்களையும் சேர்த்துத் தாவுதல்; ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல்; சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்காமை; ஒரு தொடை மற்றதைவிடச் சிறுத்தல்; குழந்தைகள் தொட்டால் சீறுதல் ஆகிய இவையே அதன் மொழி. சாதுவாக இருந்த நாய் திடீரெனக் கடிக்க வருகிறது என்று அடித்து விரட்டுமுன், அதற்கு எங்கேனும் நோகிறதா என்று பார்ப்பது அறிவுடைமை.

நிற்க. நொண்டுவதெல்லாம் மூட்டுத் தேய்வு என்று முடிவுகட்டவும் கூடாது. முதலில் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். முள்ளோ, வளைந்து சதையில் குத்திய நகமோ காரணமாக இருக்கலாம். அடுத்து உண்ணி. காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டியிருக்கும் உண்ணிகள் பரப்பும் காய்ச்சலால் மூட்டுகள் வீங்கி நாய் நொண்டுவதுண்டு. ஈறு வெளுத்து, உணவை வெறுத்து, சோர்ந்து கிடக்கும். மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதித்து மருந்து கொடுத்தால் இந்நோய் குணமாகக்கூடியது. இதை முதுமை என்று விட்டுவிடுதல் எவ்வளவு பெரிய பிழை!

இன்னொன்று முழங்கால் காயம். பன்றியைத் துரத்தி ஓடும்போது வேகமாகத் திரும்பினாலோ, வரப்பிலிருந்து பள்ளத்தில் காலை வைத்தாலோ, முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்துபோவதுண்டு. அப்பொழுது நாய் பின்காலின் விரல்நுனியை மட்டும் தரையில் தொட்டு நிற்கும். எடை குறைந்த நாய்களில் பல, சில வாரங்கள் கட்டுப்பாடான ஓய்வினாலேயே ஓரளவு தேறும். பெரிய நாய்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். ஒரு முழங்கால் கெட்டால் மற்ற முழங்காலுக்கும் அதே கதி நேரும் அபாயம் உண்டு. ஆதலால் மறுநாளே பழையபடி காவலுக்கு அனுப்புதல் தகாது.

ஓர் எச்சரிக்கை. பின்கால்கள் திடீரென விழுந்து, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறி, நடத்தையும் மாறிய நாயைத் தொடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவியுங்கள். எவரையேனும் அது கடித்திருந்தாலும், கீறியிருந்தாலும், அதன் எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தாலும், அவ்விடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கண்ணையும் வாயையும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

இனி மருந்தைப் பற்றி. இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதனை மட்டும் அங்கத்தினர்கள் மறவாதிருக்கவேண்டும். வீட்டில் முதுகுவலிக்கு வாங்கிவைத்த மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை மனிதனுக்கு இதமளிப்பினும், நாயின் வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் அபாயமே. நாய்க்கென ஆராய்ந்து கண்ட மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் முதலிய மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் எடை பார்த்து, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நிலை அறிந்து, மருத்துவர்தாம் கொடுக்கவேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு இவற்றைச் சேர்த்துத் தருதல் கூடாது. மருந்து கொடுக்கும் நாட்களில் வாந்தியோ, கரிய நிற மலமோ, உணவு வெறுப்போ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் கூறவேண்டும்.

மாட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைப் பயன்படுத்தும் வழக்கமும் சிலரிடம் உண்டு. டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை நம் நாடு 2006-ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது; கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றை 2023-இல் தடைசெய்தது. அம்மருந்து ஊட்டப்பட்ட மாடுகளின் உடலைத் தின்ற கழுகுகள் மடிந்ததே காரணம். ஒரு பிராணிக்குக் கொடுத்த மருந்து இன்னொரு பிராணியின் குலத்தையே அழிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மருந்தைவிட முக்கியமானது உணவின் அளவு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிடப்பெற்றது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவளித்தனர். குறைவாக உண்ட நாய்கள் சுமார் 13 ஆண்டும், மிகுதியாக உண்டவை 11 ஆண்டுக்குச் சற்று மேலும் வாழ்ந்தன. மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் முன்னவற்றுக்கு மிகவும் தாமதமாகவே. நம் ஊரில் நிலைமை இருவகை. வயல்நாய் பட்டினியால் எலும்பும் தோலுமாக நிற்கிறது. வீட்டு நாயும் சங்க நாயும், சோற்றாலும் வருவோர் போவோர் எறியும் பிஸ்கோத்தாலும் ஊதிப்போகின்றன. இரண்டுமே தவறு. கையால் தடவினால் விலா எலும்புகள் எளிதில் தட்டுப்படவேண்டும்; தூரத்திலிருந்து பார்த்தால் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. இதுவே அளவு. கூழோ சோறோ எதுவாயினும், அதனுடன் ஒரு முட்டையோ சிறிது மீனோ இறைச்சியோ சேர்த்தால் தசை மெலியாதிருக்கும். வெங்காயம் சேர்ந்த குழம்பும், வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம்.

படுக்கையைப் பொறுத்தமட்டில் நெசவாளர்களாகிய நமக்கு வேறெவர்க்கும் இல்லாத வசதி உண்டு. தறியில் மிஞ்சும் கழிவு நூலைச் சாக்கில் அடைத்து நன்கு தைத்துவிட்டால் சிறந்த மெத்தையாயிற்று. தையல் உறுதியாக இருக்கவேண்டும். ஏனெனில் நீண்ட நூலை நாய் விழுங்கிவிட்டால் அது குடலைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகும். வழவழப்பான சிமெண்டுத் தரையில் சறுக்கிச் சறுக்கியே பல கிழநாய்களின் இடுப்பு கெடுகிறது. நாய் நடமாடும் வழியில் பழைய சாக்கையோ கோரைப்பாயையோ விரித்தால் போதும். படிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைக்கலாம். வெள்ளிமலைப் பக்கத்து மார்கழிக் குளிரில் மூட்டு விறைப்பது அதிகம். ஆகையால் இரவில் திண்ணையின் உட்புறம் இடங்கொடுக்கவேண்டும். நாட்பட்ட வலிக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிடம் ஒற்றடம் கொடுப்பது இதம். நம் கை தாங்கும் சூடே போதும். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்துக்கு முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒற்றடமே ஏற்றது.

முழு ஓய்வும் நன்றன்று. நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது பழமொழி. கிழநாய்க்கு அதனை மாற்றி, சிறிது வேலையும் நிறைய நேரமும் கொடுக்கவேண்டும். ஒரே மூச்சில் மலையேற்றாமல், நாளைக்கு மூன்று நான்கு முறை சமதரையில் மெதுவாக நடத்திச் செல்லலாம். ஆழமற்ற வாய்க்கால் நீரில் நடப்பது இன்னும் நன்று. நீர் உடற்பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் மூட்டு நோவாமல் தசை வலுப்பெறும்.

மூட்டோடு மற்ற உறுப்புகளும் தளர்வது இயற்கை. பெரிய நாய்கள் ஏழெட்டு வயதிலும், சிறியவை பத்து வயதளவிலும் முதுமை எய்துகின்றன. வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தல், காரணமின்றி இளைத்தல், இரவில் இருமல், வாயில் துர்நாற்றம், பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் திகைத்தல் இவற்றுள் எது கண்டாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை. பெட்டைநாய் மிகுதியாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

"மனிதருக்கே மருந்துக்கு வழியில்லை, நாய்க்கு வைத்தியமா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நெசவுக் கூலியும் கரும்புப் பணமும் தாமதமாகும் காலங்களில் குடும்பச் செலவே பெரும்பாடு என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் மேலே சொன்னவற்றை மீண்டும் எண்ணிப் பாருங்கள். உணவைக் குறைத்தல், சாக்கு விரித்தல், ஒற்றடம், மெதுநடை, உண்ணி எடுத்தல் ஆகிய இவற்றுக்குப் பணம் எவ்வளவு? செலவாவது பெரும்பாலும் கவனமே. மருந்துக்கென்று ஆகும் தொகையையும் தனியொருவர் சுமக்கவேண்டியதில்லை. ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ சங்கம் கண்டோம்? இருநூறு அங்கத்தினர் மாதம் ஒரு ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். ஒரு கிடங்கு நாயின் தடுப்பூசிக்கும், பரிசோதனைக்கும், ஓரளவு மருந்துக்கும் அது உதவும்.

சட்டமும் ஒன்று உண்டு. சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1953-ஆம் ஆண்டில் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் விளைவாகவே 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் உருவாயிற்று. பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு ஒரு பிராணியைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். ஆனால் அதில் முதற் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையே. ஆகவே அபராதத்துக்கு அஞ்சி எவரும் திருந்தப்போவதில்லை. கிழநாயைச் சாக்கில் கட்டிக் காட்டோரத்திலோ சந்தைத் திடலிலோ விட்டுவருவது அந்நாய்க்குக் கொடுமை; அவ்வூராருக்கும் தொல்லை. இதனைத் தடுக்க வல்லது அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயம் ஒன்றே.

எவ்வளவு பேணினும் ஒரு நாள் வரும். எழ இயலாமல், உண்ண மறுத்து, மருந்துக்கும் கேளாத வலியில் கிடக்கும் நிலை வந்தால், கால்நடை மருத்துவரின் ஊசியால் அமைதியாகத் துயிலச் செய்வது பாவமாகாது என்பதே என் கருத்து. உள்ளூரில் நடக்கும் நஞ்சும் தடியும் ஒருபோதும் வேண்டாம். அந்த முடிவை மருத்துவருடன் கலந்தே செய்யவேண்டும். அந்த நேரத்தில் நாய்க்குப் பழகிய ஒருவர் அருகில் இருத்தல் நலம்.

இனி நம் சங்கங்கள் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது: கிடங்கிலோ அலுவலகத்திலோ நாய் காவல் இருக்குமானால், அதன் வயது, எடை, தடுப்பூசி நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதனைக் கவனிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். எல்லாரும் சோறு போடும் நாய்க்கு நோய் வந்தால் கேட்பார் எவருமில்லை என்ற நிலை மாறவேண்டும்.

இரண்டாவது: ஆண்டுதோறும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதனையொட்டி கால்நடை பராமரிப்புத் துறையின் ஒத்துழைப்போடு சங்க வளாகத்தில் தடுப்பூசி முகாம் நடத்தலாம். வந்த நாய்களைப் பத்தடி நடக்கவிட்டு மருத்துவர் பார்த்தாலே மூட்டு நோயைத் தொடக்கத்தில் கண்டுகொள்வார். முகாம் செலவை, சட்டமும் துணைவிதிகளும் இடங்கொடுக்கும் அளவில், பொதுப் பேரவையின் அனுமதி பெற்றுச் செய்யவேண்டும்.

மூன்றாவது: மலைமேல் உள்ளோர்க்கு இடையூறு வழிதான். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு விளைபொருள் ஏற்றி இறங்கும் வண்டியில், நோயுற்ற நாய்க்கும் அதன் சொந்தக்காரருக்கும் ஓர் ஓரம் ஒதுக்குவதில் சங்கத்துக்கு நஷ்டமொன்றுமில்லை. கள்ளக்குறிச்சியில் தீராததை, சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் தலைவாசல் அருகே 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி ஆலோசனை பெறலாம். அடிபட்ட நாயைக் காலைப் பிடித்துத் தூக்காமல், பலகையிலோ இறுக்கிப் பிடித்த சாக்கிலோ கிடத்திச் செல்லுங்கள். வலியில் அது எஜமானரையும் கடிக்கும். மூச்சுத்திணறலோ வாந்தியோ இல்லாதபோது வாயை மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டலாம்.

கூட்டுறவு என்பது வலியவர் மெலியவரைத் தாங்கும் ஏற்பாடு. உழைக்க வல்லபோது ஒருவரை ஏற்று, தளர்ந்தபின் தள்ளிவிடுவது வியாபாரியின் கணக்காக இருக்கலாம். சங்கத்தின் கணக்காக இருத்தல் ஆகாது. இந்த நியாயம் நம் வாயிலில் படுத்திருக்கும் பிராணிக்கும் பொருந்தும். வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக வைத்து, ஒரு தீர்மானமேனும் நிறைவேற்றும்படி அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறேன். அதற்கு முன்பே இன்று மாலை ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் நாய் படுத்த இடத்திலிருந்து எழுவதைச் சற்று நேரம் நின்று கவனியுங்கள்.